ஆகாயக் கணக்கும் கூலிக் கணக்கும்

ஒரு சவுக்குத் தோப்பில் எத்தனை டன் நிற்கிறது? கடலூர்ப் பக்கத்தில் வியாபாரி வரப்பில் நடந்து, நாலு மரத்தைத் தொட்டுப் பார்த்து, கண்மதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லுவார். அந்த எண் எந்தப் பக்கம் சாயும் என்பது தோப்பை விற்றவர்களுக்குத் தெரியும்.

இப்போது விஞ்ஞானம் வேறு வழி கண்டிருக்கிறது. விமானத்திலோ ட்ரோனிலோ யந்திரத்தை ஏற்றி, விநாடிக்கு லட்சக்கணக்கான லேசர் ஒளித் துடிப்புகளைத் தோப்பின்மேல் பாய்ச்சுகிறார்கள். சில உச்சிக் கொழுந்தில் பட்டுத் திரும்புகின்றன. சில கிளை இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்புகின்றன. போய்வந்த நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கிறார்கள். இரண்டு தூரத்துக்கும் உள்ள வித்தியாசமே மரத்தின் உயரம்.

ஆனால் உயரம் மட்டும் தெரிந்தால் எடை தெரிந்துவிடாது. தோப்புக்குள் சிறு கட்டங்களைக் குறித்து, ஒவ்வொரு மரத்துக்கும் மார்பு உயரத்தில் நாடா போட்டுச் சுற்றளவு எடுக்க வேண்டும். அதோடு பொருத்தினால்தான் ஆகாயக் கணக்கு நிற்கும். நாடா பிடிப்பது யார்? கூலிக்கு வருகிற ஆள்தான். யந்திரத்துக்கே கணக்குச் சொல்லிக் கொடுப்பவன் அவன்!

மத்திய சர்க்கார் 2020 ஜூலையில், 26 மாநிலங்களில் சுமார் 2 லட்சத்து 62 ஆயிரம் ஹெக்டேர் காட்டு நிலத்தை லேசரால் அளக்கும் வேலையைத் தன் நிறுவனமான வாப்காஸிடம் ஒப்படைத்தது. செலவு 18 கோடி ரூபாய்க்கு மேல். 2021ல் முதலில் வெளிவந்த 10 மாநில அறிக்கைகளில் தமிழ்நாடு இல்லை. மழைநீரைத் தேக்கவும் தீவனம் வளர்க்கவும் எடுத்த அளவை அது, நல்ல காரியம். நாளை இதே யந்திரம், 1974ல் ஏற்பட்ட தமிழ்நாடு வனத் தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகளுக்கும், காகித ஆலைகளுக்குப் போகும் சவுக்குத் தோப்புகளுக்கும் வரலாம்.

வரட்டும். ஆனால் கணக்கு யார் கையில் இருக்கும்? வாங்குகிறவன் கையில் மட்டும் இருந்தால், நட்டவனும் வெட்டுகிறவனும் முன்னைவிட இருட்டில் நிற்பார்கள். கண்மதிப்பை எதிர்த்துப் பேரம் பேசலாம். யந்திரக் கணக்கை எதிர்க்க எதைக் காட்டுவது? பின்லாந்தில் 2018 முதல் காட்டுக் கணக்கு பகிரங்கம், எவரும் பார்க்கலாம். அதுவும் முதலாளித்துவ நாடுதான்!

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தது. பண்ருட்டி வட்டாரத்து முந்திரிக் காடுகள் வேரோடு சாய்ந்தன. பயிர் நிவாரணம் ஹெக்டேர் கணக்கில், சாகுபடி செய்தவருக்கு. கொட்டை பொறுக்கியும் உடைத்தும் பிழைத்த பெண்களுக்கு, புதுக் கன்று காய்க்கும்வரை போன வேலைநாட்கள் அந்தக் கணக்கில் ஏறவில்லை. புயலுக்கு முன்னும் பின்னும் லேசர் பாய்ச்சியிருந்தால், சாய்ந்த மரம் எவ்வளவு என்று சீக்கிரமே தெரியும். ஒரு ஏக்கருக்குப் பருவத்தில் எத்தனை ஆள் வேண்டும் என்பதைப் பண்ருட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். பெருக்கிப் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல.

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் மீன்முள் போலக் கிளைக் கால்வாய்கள் வெட்டி, பட்டுப்போன சதுப்பு நிலத்தில் மறுபடி அலையாத்திக் காடு எழுப்பினார்கள். வானத்துப் படத்தில் பச்சை தெரிகிறது. சேற்றில் இறங்கி மண் வெட்டியவர்கள் தெரிவதில்லை.

எனவே சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்: அளந்த கணக்கைத் தமிழில் கிராம சபையில் படிக்க வேண்டும், வெட்டுக் கூலியை அந்த டன் கணக்கோடும் எடைமேடை ரசீதோடும் ஒட்டி நிர்ணயிக்க வேண்டும், நிவாரணத்தில் இழந்த வேலைநாளையும் சேர்க்க வேண்டும். மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தை எழுதி எடுத்துப் போங்கள்.