ஐப்பசிக்கு முன்னால்

குற்றாலத்தில் ஆனி பிறக்குமுன்பே கடைகளுக்குத் தார்ப்பாய் ஏறிவிடும். சீசன் வியாபாரம் அப்படி. சாரலுக்குக் காட்டும் அக்கறையை ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குக் காட்டுகிறோமா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளம் இறங்கி, ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. மழை நாள் பார்த்து வருவதில்லை. தென்காசிக் கடைத்தெருவிலோ இன்னமும் தரையோடு தரையாக அரிசி மூட்டை, முழங்கால் உயரத்தில் சுவிட்ச் போர்டு, பாலிதீன் பை அடைத்த வாறுகால். புரட்டாசியிலேயே வாறுகாலைத் தூர்வாரி, மூட்டையைப் பலகைமேல் ஏற்றி, போர்டையும் உயர்த்திவிட்டால் சில ஆயிரத்தோடு போகும். 'பார்த்துக்கலாம் அண்ணாச்சி' என்று தள்ளிப்போட்டால், லாபமல்ல, முதலே தண்ணீரோடு போகும்.