காணும் பொங்கலும் காணாத மணலும்

காணும் பொங்கலன்று எர்ணாவூருக்கு ஒரே திசைதான். தெற்கு!

காலையிலேயே புளிசோறு கிளறியாகிவிடும். தயிர்சாதம் தூக்கில், கரும்புத் துண்டுகள் மஞ்சள் பையில். முன்பெல்லாம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் பாதிச் சாப்பாட்டைக் காலி செய்திருப்பார்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. அந்தப் பாடு குறைந்தது. அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடந்தால் மெரினா.

அங்கே போலீசார் பிள்ளைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்கள். தயவுசெய்து இரண்டு நம்பராகக் கொடுங்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு போன் கிடைத்தால் இன்னொன்று கிடைக்காது. கடலில் இறங்க முடியாதபடி தடுப்பு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டிக் கால் நனைக்க ஆசைப்படும் சித்தப்பாக்கள்தான் ஒவ்வொரு குடும்பத்திலும் பிரச்னை, பிள்ளைகள் இல்லை.

அந்த மணலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, இவ்வளவு மணல் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா?

நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அதில் முட்டி, தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா இத்தனை அகலமானது அப்படித்தான். வடக்கே மணல் வருவது நின்றது, அலை நிற்கவில்லை. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரிபட்டது. கடலோரக் குப்பங்களில் வீடுகள் போயின. இன்று பல இடங்களில் கடற்கரை என்று நாம் பார்ப்பது கருங்கல் குவியலைத்தான். தூண்டில் வளைவு போட்ட சில இடங்களில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஆனால் வளைவுகள் எங்கே முடிகின்றனவோ, அதற்கு வடக்கே அரிப்பு தொடங்கிவிடுகிறது.

ஆக, எர்ணாவூர்க் குடும்பம் மெட்ரோ ஏறிப்போய் உட்காருவது, தன் தெருக்கோடிக்கு வந்திருக்க வேண்டிய மணலில்!

மெரினாவுக்கு எல்லோரும் போய்விடுவதும் இல்லை. ‘மண்ணுல என்னால நடக்க முடியாது, நீங்க போய்ட்டு வாங்க’ என்று ஆயா வீட்டிலேயே தங்கிவிடும். எல்லோரும் போய் எல்லோரையும் பார்ப்பதற்கென்றே இருக்கிற நாளில், வீட்டில் மூத்தவர் மட்டும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாடகமும் மணல் மாதிரிதான். ஒரு காலத்தில் மேடை இந்தப் பக்கம் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபை, சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகம் போட்டது. வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடைக் கொட்டகை இருந்தது. பிறகு சபாக்கள் மயிலாப்பூர், தி.நகர் என்று தெற்கே பெருகின. வடக்கே சினிமா கொட்டகைதான் மிச்சம்.

அதனால்தான் 2023 பொங்கலுக்கு, ‘சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா’ நடந்த இடங்களில் ராயபுரம் ராபின்சன் மைதானமும் இருந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. காணும் பொங்கல் மாலை வரை நடந்த விழா. டிக்கெட் கிடையாது. பறை, கரகம், தெருக்கூத்து என்று மாவட்டக் கலைஞர்கள் சென்னைக்கு வந்தார்கள்.

கூத்தை ரசிக்கப் புராணம் தெரிந்திருக்க வேண்டும் என்று பயப்படாதீர்கள். கட்டியங்காரன் முதலில் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். ராஜா வந்தால் ராஜாவையே கிண்டல் செய்வான். அன்றைய விலைவாசியும் அவன் வாயில் வந்து விழும். ஊரில் விடிய விடிய ஆடுவதை நகர மேடையில் சுருக்கித்தான் ஆடுகிறார்கள். அது குறைதான். ஆனால் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அதுவே வசதி. ஆயாவுக்கும் மணலில் நடக்கிற வேலை இல்லை, ஒரு நாற்காலி போதும்.

பகலில் சுற்றிப் பார்க்க ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா பக்கம் புறப்பட்டது. தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. விம்கோ நகரில் ஏறும்போது மட்டும் கவனம்: பீச் போகிற ரயில்தான் ராயபுரம் வழியாகப் போகும். மூர் மார்க்கெட் ரயிலில் ஏறினால் அது பேசின் பிரிட்ஜ் பக்கம் திரும்பிவிடும்.

எர்ணாவூரிலிருந்து ராயபுரமும் தெற்கேதான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த சங்கமத்துக்கு இடங்களின் பட்டியல் வரும்போது, திருவொற்றியூர் பக்கம் ஒரு மைதானமாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மார்கழியிலேயே கேட்டுவிடுங்கள். பொங்கல் வந்த பிறகு கேட்டால், ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பார்.