கீழ்க்கட்டளையில ஒரு கோடவுன்!

மேடவாக்கத்துல இருந்து நங்கநல்லூர் பக்கம் பஸ்ல போற மக்களே... கோவிலம்பாக்கம் தாண்டினதும் ஒரு ஊர் வருமே, ஞாபகம் இருக்கா? ரேடியல் ரோடு குறுக்கே போகும், சிக்னல்ல நின்னா நின்னதுதான். அதான் கீழ்க்கட்டளை. அங்கே இறங்கி யாரும் செல்ஃபி எடுத்துக்க மாட்டாங்க. ஆனா, அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில மணியடிச்ச ஒரு கம்பெனி, 2010-ல அங்கே ஒரு 700 சதுர அடி கோடவுன்லதான் ஆரம்பிச்சது. நம்ம காலேஜ் லேப்ல பாதி கூட இருக்காது பாஸ், அந்த இடம்!

கம்பெனி பேரு ஃப்ரெஷ்டெஸ்க். பிறகு 2017-ல ஃப்ரெஷ்வொர்க்ஸ்னு பேரு மாறிச்சு. ஆரம்பிச்சவர் கிரிஷ் மாத்ருபூதம், திருச்சிக்காரர். கூட நின்னவர் ஷான் கிருஷ்ணசாமி. ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி ஜோஹோவுல ஒண்ணா வேலை பார்த்தவங்க.

'சரி, இவரும் காலேஜை பாதியில விட்டுட்டு, கராஜ்ல உட்கார்ந்து கோடு எழுதின கேஸ்தானே?'னு நீங்க கேட்கிறது காதுல விழுது. அதான் இல்லை. நம்ம ஃபைனல் இயர் அண்ணன்கள் பல பேர் பில் கேட்ஸ் கதையைச் சொல்லிச் சொல்லியே அரியர் வெச்சிருக்காங்க. கிரிஷ் கதையில டிராப் அவுட் சீனே கிடையாது. தஞ்சாவூர்ல சண்முகா இன்ஜினீயரிங் காலேஜ் (இப்போ சாஸ்த்ரா) பக்கம் போய் பி.இ. முடிச்சார். சென்னைப் பல்கலைக்கழகத்துல எம்.பி.ஏ. முடிச்சார். நடுவுல கொஞ்ச நாள் ஜாவா சொல்லித்தர்ற கிளாஸ் எடுத்தார். 2001-ல, டாட்காம் பலூன் வெடிச்ச நேரத்துல, ஜோஹோவுல (அப்போ அதுக்குப் பேரு அட்வென்ட்நெட்) ப்ரீ-சேல்ஸ் இன்ஜினீயரா சேர்ந்தார். ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தார். ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் வைஸ் பிரசிடென்ட் வரைக்கும் போனார். வேலையை விட்டப்போ வயசு 35. கல்யாணம் ஆகி, ரெண்டு பசங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. 21 வயசுல வேலையை வேண்டாம்னு சொல்றது ஒரு வகை. தோத்தா அம்மா திட்டுவாங்க, அவ்வளவுதான். 35 வயசுல, மாசாமாசம் கொட்டுற சம்பளத்தை, பெரிய பதவியை விட்டுட்டு கோடவுனுக்குப் போறது வேற வகை. எது பெரிய ரிஸ்க்னு ஹாஸ்டல்ல ஒரு நைட் ஃபுல்லா விவாதம் பண்ணலாம். என்னைக் கேட்டா ரெண்டாவதுதான். ஆனா ஒண்ணு, அந்த ஒன்பது வருஷத்துல அவர் ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேர் எப்படிச் செய்யணும், எப்படி விக்கணும், கஸ்டமர் எங்கே கடுப்பாவார்னு சம்பளம் வாங்கிட்டே கத்துக்கிட்டார். ஜோஹோவோட மேனேஜ்இன்ஜின் பிரிவுல அவர் வேலையே அதுதான்.

இப்போ டி.வி. கதைக்கு வருவோம். அமெரிக்காவுல ஆஸ்டின்ல இருந்து குடும்பத்தோட சென்னைக்குத் திரும்புறார் கிரிஷ். சாமான் எல்லாம் கப்பல்ல வருது. வந்து பார்த்தா எல்.சி.டி. டி.வி. உடைஞ்சு கிடக்கு! இன்ஷூரன்ஸ் போட்டிருக்கு. ஆனா மாசக்கணக்கா போன், மெயில்னு அலைஞ்சும் பணம் வரலை. வெறுத்துப்போய், ஊர் திரும்புறவங்க பேசிக்கிற ஒரு இணையக் குழுவுல நடந்ததை எல்லாம் எழுதிட்டார். அவ்வளவுதான், சாமான் அனுப்பின கம்பெனி தலைவரே வந்து மன்னிப்பு கேட்டார். பணமும் வந்துடுச்சு. மாசக்கணக்குல நடக்காதது ஒரு பதிவுல நடந்துச்சு! கஸ்டமர் கையில இப்போ மைக் இருக்குங்கிறது அவருக்குப் புரிஞ்ச இடம் அதுதான்.

அதுக்கு அப்புறம் 2010-ல, ஸென்டெஸ்க்ங்கிற பெரிய ஹெல்ப்டெஸ்க் கம்பெனி தடாலடியா விலையை ஏத்திச்சு. அதோட கஸ்டமர்கள் நெட்ல கொந்தளிச்சுட்டு இருந்தாங்க. 'அடடா, இங்கே ஒரு கடை போட இடம் இருக்கே'னு கிரிஷுக்குப் பொறி தட்டிடுச்சு. 

ஹெல்ப்டெஸ்க்னா என்னனு கேட்கிற ஃபர்ஸ்ட் இயர் தம்பி தங்கைகளுக்கு: நம்ம ஹாஸ்டல் ஆபீஸ்ல கயிறு கட்டி ஒரு கம்ப்ளெயின்ட் நோட்டு தொங்குமே, அதேதான். 'ரூம் நம்பர் 214, ஃபேன் ஓடலை'னு எழுதுவோம். அதை யார் பார்த்தா, எலெக்ட்ரீஷியன் வந்தாரா, வரலைன்னா எத்தனை நாளாச்சு... எதுவும் தெரியாது. நோட்டு நிறைஞ்சா புது நோட்டு வரும், ஃபேன் ஓடாது. ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டிக்கெட் நம்பர் விழும். மெயில்ல வந்தாலும், போன்ல வந்தாலும், ட்விட்டர்ல திட்டினாலும் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேரும். இது யார் தலையில, எவ்வளவு நேரமா தூங்குதுனு மேனேஜருக்குத் தெரியும். இதை சி.டி.யில போட்டு லட்சக்கணக்குல விக்காம, நெட் வழியா மாச வாடகைக்கு விடுறாங்க. டி.டி.ஹெச். ரீசார்ஜ் மாதிரி. பிடிக்கலையா, அடுத்த மாசம் நிறுத்திக்கலாம். இதுக்குத்தான் 'சாஸ்'னு பேரு. தக்காளி சாஸ் இல்லை மக்கா!

இந்த மாச வாடகைதான் கீழ்க்கட்டளைக்கும் உலகத்துக்கும் நடுவுல பாலம் போட்டுச்சு. முன்னெல்லாம் அமெரிக்காக்காரனுக்கு சாஃப்ட்வேர் விக்கணும்னா கோட்டு சூட்டு போட்டு ஃப்ளைட் ஏறணும். இதுல, கஸ்டமர் கூகுள்ல தேடி வந்து, இலவசமா ஓட்டிப் பார்த்து, பிடிச்சா கிரெடிட் கார்டு நம்பரைத் தட்டிட்டுப் போயிடுவார். 2011 ஜூன்ல கடையைத் திறந்தாங்க. முதல் கஸ்டமர் யார் தெரியுமா? ஆஸ்திரேலியாவுல, பெர்த் பக்கத்துல இருக்கிற அட்வெல் காலேஜ். விக்கிறவங்களோட தெருவைக்கூட அவங்க பார்த்ததில்லை.

அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் நடத்தின ஒரு ஸ்டார்ட்-அப் போட்டியில 40 ஆயிரம் டாலர் பரிசு. அன்னிக்குக் கணக்குல கிட்டத்தட்ட 18 லட்ச ரூபாய். டிசம்பர்ல அக்செல் நிறுவனம் 10 லட்சம் டாலர் முதலீடு செஞ்சது. பணம் வந்த கையோட சண்டையும் வந்துச்சு. 'இது எங்களோட காப்பி'ங்கிற மாதிரி ஸென்டெஸ்க் பக்கத்துல இருந்து குரல். ஒரு வெளிநாட்டு விமர்சகர், இந்தியக் கம்பெனிங்கிறதையே இழுத்து மட்டமா எழுத, ஸென்டெஸ்க் தலைவரும் அதுக்கு ட்விட்டர்ல ஒத்து ஊதினார். கிரிஷ் என்ன செஞ்சார்? 'ரிப்ஆஃப் ஆர் நாட்'னு ஒரு வெப்சைட்டையே வாங்கி, தன் பக்க விளக்கத்தை எழுதி, 'நீங்களே சொல்லுங்க'னு ஜனங்க முன்னாடி வெச்சுட்டார்! பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியைத் திட்டினதுல, சின்னக் கம்பெனி பேரு உலகம் பூரா போயிடுச்சு. ஓசி விளம்பரம்!

அப்புறம் கொஞ்சம் ஃபாஸ்ட் ஃபார்வேர்டு. கோடவுன்ல இருந்து பெருங்குடி ஐ.டி. பார்க்குக்கு ஜாகை. ஊர் ஊரா கிளைகள். 2020-ல பழைய வீடான ஜோஹோவே, தங்களோட ரகசியத் தகவல்களை எடுத்துக்கிட்டாங்கனு அமெரிக்க கோர்ட்ல கேஸ் போட்டது. 2021 நவம்பர்ல சமாதானமா முடிஞ்சது. 

நடுவுல 2021 செப்டம்பர் 22. நாஸ்டாக்ல ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கு வெளியீடு. ஒரு பங்கு 36 டாலர். திரட்டினது 100 கோடி டாலருக்கு மேல. நம்ம காசுல 7,500 கோடி ரூபாயைத் தாண்டும். இந்தியாவுல பிறந்த சாஸ் கம்பெனிகள்ல நாஸ்டாக் ஏறினது இதுதான் முதல். அந்த வெளியீட்டு வேலைக்கு உள்ளுக்குள்ள வெச்ச ரகசியப் பேரு 'ப்ராஜெக்ட் சூப்பர்ஸ்டார்'. தலைவர் ரஜினியோட வெறித்தனமான ரசிகர் சார் அவரு!

அன்னிக்கு கிரிஷ் சொன்ன கணக்குதான் நம்ம கேன்டீன் வரைக்கும் பேசப்பட்டது. கம்பெனியில 500 பேருக்கு மேல கோடீஸ்வரர் ஆகிட்டாங்க, அதுல 70 பேர் கிட்ட 30 வயசுக்குக் கீழ! லாட்டரி இல்லை, போனஸும் இல்லை. வேலைக்குச் சேரும்போதே கொடுத்த ஸ்டாக் ஆப்ஷன்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா நமக்கு யூஸ் ஆகும். சுருக்கமா: 'பின்னாடி எங்க ஷேரை இந்த விலைக்கே நீ வாங்கிக்கலாம்'னு கம்பெனி எழுதிக் கொடுக்கிறதுதான் ஆப்ஷன். விலை 10 ரூபாய்னு வெச்சுப்போம். சில வருஷம் கழிச்சு ஷேர் 500-க்குப் போனா, 490 லாபம். 5 ரூபாய்க்கு விழுந்தா, அந்தப் பேப்பரை மடிச்சு பஜ்ஜி எண்ணெய் ஒத்தலாம். மொத்தமும் முதல் நாளே கைக்கு வராது. பெரும்பாலும் நாலு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா உங்களுதாகும். முதல் வருஷம் முடியறதுக்குள்ள கிளம்பினா பூஜ்யம். இன்னொரு விஷயம் பல சீனியர்களுக்கே தெரியாது. ஆப்ஷனை ஷேரா மாத்துற அன்னிக்கே, அந்த லாபத்தைச் சம்பளம்னு கணக்குப் பண்ணி வருமான வரி விழும். ஷேரை நீங்க இன்னும் விக்கவே இல்லைனாலும்!

கோடீஸ்வரர் கதையோட நிறுத்திட்டா அது பாதிக் கதை. 2024 நவம்பர்ல ஃப்ரெஷ்வொர்க்ஸ் 13 சதவிகிதம் ஆட்களைக் குறைச்சது. சுமார் 660 பேர். அப்போ பங்கு விலை, வெளியீட்டு விலையான 36 டாலர்ல பாதிக்கும் கீழ. அதாவது 2021-ல வித்தவர் வீடு வாங்கினார், வெச்சிருந்தவர் நகம் கடிச்சார். கிரிஷ் அதே 2024 மே மாசமே சி.இ.ஓ. நாற்காலியை டென்னிஸ் உட்சைட் கிட்ட கொடுத்துட்டார். 2025 டிசம்பர்ல நிர்வாகத் தலைவர் பொறுப்புல இருந்தும் விலகி, புதுக் கம்பெனிகளுக்குப் பணம் போடுற 'டுகெதர் ஃபண்ட்' வேலைக்குப் போயிட்டார்.

நம்ம ஏரியாவுக்கு இது புதுசும் இல்லை. கிரிஷ் வேலை பார்த்த ஜோஹோவை 1996-ல ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஸ்ரீதர் வேம்பு, கிழக்குத் தாம்பரம் ஜெய்கோபால் கரோடியா ஸ்கூல் மாணவர். இன்னிக்கு ஜோஹோ தலைமையகம் ஜி.எஸ்.டி. ரோட்டுல கூடுவாஞ்சேரி கிட்ட. அவங்க நடத்துற ஸ்கூல்ல ப்ளஸ் டூ முடிச்சவங்களைச் சேர்த்து, ஃபீஸ் வாங்காம, உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லித்தர்றாங்க. செமஸ்டர் ஃபீஸ் கட்டுற எங்கப்பாவுக்கு மட்டும் இதைச் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்!

கீழ்க்கட்டளைக்கு அடுத்த ஊர் மடிப்பாக்கம். அங்கே இட்லி வித்து, சத்துணவுக் கூடத்துல வேலை பார்த்து ஒரு அம்மா வளர்த்த பையன் சரத்பாபு. பிலானி பிட்ஸ்ல படிச்சு, வேலைக்குப் போய் வீட்டுக் கடனை அடைச்சு, அப்புறம் ஐ.ஐ.எம். அகமதாபாத். 2006-ல படிப்பு முடிஞ்சதும் கேம்பஸ் வேலையை ஒதுக்கிட்டு 'ஃபுட்கிங்' கேட்டரிங் தொடங்கினார். 2009-ல தென் சென்னையில சுயேச்சையா தேர்தல்லயும் நின்னார். அவர்கிட்டயும் கவனிங்க: முதல்ல சம்பளம், கடன் அடைப்பு. அப்புறம்தான் சொந்தக் கடை. ஸ்டேட்டஸ்ல போடுற மோட்டிவேஷன் வரிகள்ல இந்த நடு சீன் மட்டும் எப்பவும் கட் ஆகிடும்!

ஆறாவது செமஸ்டர்ல இருக்கிற நமக்கு ப்ளேஸ்மென்ட் சீசன் கிட்ட வந்தாச்சு. ஏதாவது ஸ்டார்ட்-அப் வந்து 'ஈசாப் தர்றோம்'னு ஸ்லைடு போட்டா கேட்க வேண்டியது நாலு: எத்தனை ஆப்ஷன்? என்ன விலைக்கு? எத்தனை வருஷத்துல கைக்கு வரும்? வேலையை விட்டா எவ்வளவு நாளுக்குள்ள வாங்கியாகணும்? போன மாசம் வந்த ஒரு கம்பெனி கிட்ட நாலையும் கேட்டேன். ஹெச்.ஆர். மேடம் சிரிச்சுக்கிட்டே, 'இதெல்லாம் ஆஃபர் லெட்டர்ல இருக்கும், தம்பி'ன்னாங்க. லெட்டரை முதல்ல காட்டுங்கன்னு பின் பெஞ்ச்ல இருந்து ஒரு குரல். செமினார் ஹால் அதிர்ந்துடுச்சு!