அலமாரிச் சாவி யார் கையில்?



நம் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் நூலகம் என்பது ஓர் இரும்பு அலமாரிதான். பெரும்பாலான நாட்களில் அது பூட்டியே கிடக்கும். நூல் தொலைந்தால் யார் பொறுப்பேற்பது என்னும் அச்சமே அதற்குக் காரணம். அதே பள்ளியில் பயிலும் பிள்ளை, மாலையில் வீடு திரும்பியதும் கைப்பேசியைத் திறக்கிறான். அங்கே பூட்டும் இல்லை, வழிகாட்டுவாரும் இல்லை. ஓரிடத்தில் நூல் இருக்கிறது, பிள்ளை இல்லை. மற்றோரிடத்தில் பிள்ளை இருக்கிறான், நூல் இல்லை. இவ்விரண்டையும் இணைத்து வைக்க வேண்டியவர் ஆசிரியர். இணையவழிக் கருவிகளைப் பற்றி ஆராயப் புகுமுன் இதனை நாம் மனத்தில் இருத்துவது நலம்.

நூலக இயலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். அரங்கநாதன் 1892இல் சீர்காழி வட்டாரத்தில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரம் எளியது: நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே; ஒவ்வொருவருக்கும் உரிய நூல் அவரவர் கைக்குச் சேர வேண்டும். அதே 1931இல் மன்னார்குடிப் பகுதிச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. வாசகர் வரட்டும் என்று காத்திராமல் நூலே வாசகரைத் தேடிச் சென்றது. அந்த வண்டியின் பணியை இன்று இணையம் செய்யக்கூடும். ஆனால் வண்டி தானாகச் செல்லவில்லை. அதனை ஓட்டிச் சென்று, நூலை எடுத்துக் கொடுக்க மனிதர்கள் இருந்தார்கள்.

இணையத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. நிரம்பவே இருக்கிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் சங்க நூல்கள் முதல் பிற்கால இலக்கியங்கள் வரை தட்டச்சு செய்து இலவசமாக வழங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்துள்ளனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே கட்டடத்தில் ஒரே படியாக இருந்த ஏடுகள் திரும்பி வரவேயில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் திரட்டி வருகிறது. சிறு பிள்ளைகளுக்கெனப் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், படிக்கும் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்த படக்கதைகள் தமிழிலும் உள்ளன. அவற்றை அச்சிட்டுக் கொள்ளவும், மொழிபெயர்க்கவும் அனுமதி உண்டு.

சரி, இவற்றை வகுப்பில் எவ்வாறு பயன்படுத்துவது? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,000க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியம். பாடநூலில் சில பாடல்களைப் படிப்பதோடு மாணவரின் அறிமுகம் முடிந்துவிடுகிறது. மதுரைத் திட்டத்தில் அந்நூலைத் திறந்து, ‘வயல் என்னும் சொல் வரும் இடங்களைத் தேடுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். பாலை நிலமாகிய அரபு நாட்டைப் பாடப் புகுந்த புலவர், நெல் விளையும் தமிழ்நாட்டு மருத நிலத்தை அங்கே கொண்டுபோய் வைத்திருப்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். ‘ஏன் அப்படிப் பாடினார்?’ என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘வயல்’ என்று தேடினால், ‘வயற்கரை’ என்பது போலப் புணர்ந்து நிற்கும் இடங்கள் அகப்படமாட்டா. லகரம் றகரமாகத் திரியும் என்ற புணர்ச்சி விதியை அறிந்தவனே ‘வயற்’ என்றும் தேடுவான். தேர்வுக்காக மனப்பாடம் செய்த இலக்கணம் அன்றைக்குத்தான் அவனுக்குப் பயன்படுகிறது. பொறி தேடித் தரும். எதைத் தேடுவது என்று சொல்லித் தருபவர் ஆசிரியரே. மேலும், படமெடுத்து வைத்த நூல்களில் இவ்வாறு சொல் தேடுவது பெரும்பாலும் இயலாது. தட்டச்சு செய்த நூல்களிலேயே இயலும். இவ்வேறுபாட்டையும் ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும்.

கேட்டவுடன் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. அவை இல்லாத நூலை இருப்பதாகவும், புலவர் பாடாத வரியைப் பாடியதாகவும் தயங்காமல் சொல்வதுண்டு. ‘எந்த நூல், எந்தப் பாடல், எடுத்துக் காட்டு’ என்று மாணவனைக் கேட்டுப் பழக்குவோம். மூலத்தைத் திறந்து சரிபார்க்கக் கற்ற பிள்ளை எளிதில் ஏமாற மாட்டான்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இன்று வாழும் எழுத்தாளர்களின் நூல்களைக் கோப்புகளாக்கி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விடுகின்றனர். ஆசிரியர்களும் நல்லெண்ணத்தோடு அவற்றை மாணவர்க்கு அனுப்புகின்றனர். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் ஒருவர் வாழும் காலம் முழுதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் நூலுரிமை நிலைக்கும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும், உரிமையாளரே அனுமதித்த நூல்களையும் தாராளமாகப் பகிரலாம். மற்றவற்றை விலைக்கு வாங்க வேண்டும். பிறர் உழைப்பைக் கவர்ந்து கொடுத்து நற்கல்வி புகட்ட முடியுமா? சிந்திப்போம்.

பெருஞ்செலவின்றித் தொடங்கச் சில வழிகள் உண்டு. அலமாரியில் உள்ள நூல்களின் பெயர்களை மாணவரைக் கொண்டே கணினியில் பட்டியலிடச் செய்யலாம். நூலின் பெயர், ஆசிரியர், எந்த வகுப்பினர்க்கு ஏற்றது, இப்போது யாரிடம் உள்ளது என நான்கு பத்திகள் போதும். யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்தால் தொலையும் அச்சம் குறையும். பூட்டுக்கும் தேவை குறையும். இணைய வசதியில்லாத பிள்ளைகளுக்காக, அனுமதியுள்ள கதைகளை அச்சிட்டுத் தைத்துச் சிறு நூல்களாக்கி அதே அலமாரியில் வைக்கலாம். வாரம் ஒரு பாடவேளையை வாசிப்புக்கென்றே ஒதுக்கி, ஆசிரியரும் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு நூலைப் படிக்கலாம்.

பெற்றோர்களே! கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. பிடுங்கிய கையில் கொடுக்க ஒரு நூல் நம்மிடம் இருக்க வேண்டும். அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது, மதிப்பெண்ணைக் கேட்பதோடு, ‘என் பிள்ளை இம்மாதம் நூலகத்திலிருந்து எந்த நூலை எடுத்தான்?’ என்றும் கேளுங்கள். பத்துப் பெற்றோர் தொடர்ந்து அப்படிக் கேட்டால், அந்த அலமாரி அதிக நாள் பூட்டிக் கிடக்காது.