சிரட்டையில் வந்த டீ



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை நண்பர்கள் கேட்டதும், முதலில் "இளைஞர் கையில் எதிர்காலம்" என்றுதான் தலைப்பு வைத்தேன். ரெண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். படிச்சுப் பார்த்தா எனக்கே கொட்டாவி வந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன். நமக்குத் தெரிந்ததை எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது டீக்கடை. அதனால் இது டீக்கடையைப் பற்றிய கட்டுரை. சிரிக்காதீர்கள், கடைசிவரை படியுங்கள்!

போன செமஸ்டர் முடிந்த அன்று நம் வகுப்பு நண்பன் ஒருத்தன் ட்ரீட் வைத்தான். நாலு பேர் போனோம். மெயின் ரோட்டில் புதுசாகத் திறந்திருந்த கடை. வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம். உள்ளே அரிக்கேன் விளக்கு, ஆனால் எரிவது பல்பு. சுவரில் முறமும் உலக்கையும் மாட்டியிருந்தது. மண்சட்டியில் கம்பங்கூழ் வந்தது. அதன்மேல் மாதுளை முத்து தூவியிருந்தார்கள். ராகிக் களியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி எண்ணெயில் பொரித்து, ஒரு சிவப்புச் சாஸோடு வைத்தார்கள். அரிசிம்பருப்புச் சாதத்தை உருட்டி, நடுவில் சீஸ் வைத்திருந்தார்கள். கடைசியாக டீ வந்தது. டம்ளரில் அல்ல, தேங்காய்ச் சிரட்டையில்!

ருசியில் குறை சொல்ல மாட்டேன். களி வறுவல் நிஜமாவே நல்லா இருந்துச்சு. ஆனால் பில்லைப் பார்த்ததும் தொண்டையில் சிக்கியது. என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் ஒரு நாள் முழுக்க நின்றால் கிடைப்பதைவிட அது அதிகம்.

அன்று ராத்திரி வீட்டில் அம்மாயியிடம் பெருமையாகச் சொன்னேன். கம்பங்கூழுக்குச் சிரித்தார். "நாங்க வேற கதி இல்லாமக் குடிச்சோம், இப்பக் காசு குடுத்துக் குடிக்கறாங்களா சாமி" என்றார். சிரட்டை டீ என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"செரட்டையிலயா குடுத்தாங்க? உனக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா கண்ணு?"

அந்தக் கேள்வி எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் அவர் சொன்னார். கல்யாணமாகி வந்த புதுசில், களை வெட்டப் போகும் வழியில் ஒரு டீக்கடை. மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸில் குடிப்பார்கள். அம்மாயியும் அவர் தெருக்காரர்களும் கடைக்கு வெளியே தரையில் குந்த வேண்டும். அவர்களுக்கென்று சிரட்டை, கூரை ஓலையில் செருகியிருக்கும். தானே எடுத்து, தானே பிடித்து, மேலேயிருந்து ஊற்றுவதை வாங்கிக் குடித்து, தானே கழுவி, மறுபடி அங்கேயே செருக வேண்டும். "சூடு கை பொறுக்காது. முந்தானைய மடிச்சுப் புடிச்சுக்குவேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. படுக்கப் போய்விட்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.

நண்பர்களே, நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், கடைக்குள் விடாமல் தடுப்பதும், ஓட்டலில் எல்லோருக்கும் வைத்திருக்கும் பாத்திரத்தைக் கொடுக்க மறுப்பதும் குற்றம் என்று சொன்னது. 1976-இல் அதைத் திருத்தி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. என் அம்மாயியும் அந்த 1955 சட்டமும் ஏறக்குறைய ஒரே வயது. சட்டம் டில்லியில் வளர்ந்தது. அம்மாயி இங்கே சிரட்டையோடு வளர்ந்தார். ரெண்டு பேரும் சந்திக்கவே இல்லை.

நம் நாட்டில் ஓட்டல் என்பது சும்மா சாப்பிடும் இடமாக மட்டும் இருந்ததில்லை. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் பெயர்ப்பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். காப்பி நம் ஊருக்குள் வந்த கதையை ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்ற நூலில் எழுதியிருக்கிறார். காப்பி நடுத்தர வர்க்கத்துக்கும் டீ உழைப்பாளிக்கும் என்று ஆனது தானாக நடந்த விஷயமல்ல. யார் எதைக் குடிக்கிறார், எங்கே உட்கார்ந்து குடிக்கிறார், எதில் குடிக்கிறார்? இந்த மூன்றும் நம்மிடம் எப்போதும் அரசியல்தான்.

"அட, ஒரு கப் டீக்கு இவ்வளவு பேச்சா? அந்தக் கடைக்காரர் அழகுக்காகச் சிரட்டை வைத்திருப்பார். பிளாஸ்டிக் கப்பைவிட நல்லதுதானே!" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. எல்லா டேபிளிலும் சிரட்டைதான் இருந்தது. அம்மாயி கேட்ட கேள்விக்குப் பதில், "எல்லாத்துக்கும்தான் அம்மாயி." அந்த அளவில் காலம் மாறியிருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் பழசை விற்கும்போது பழசில் பாதியை மறைத்துவிட்டு விற்கிறோமே, அதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டைப் புதுமை செய்வதே தப்பு என்று நான் பேச வரவில்லை. பழசே உயர்ந்தது என்று மேடையில் முழங்குபவர்களை எனக்குப் பிடிக்காது. நாம் சாப்பிடுவதில் எது பழசு? பரோட்டா மைதா வந்த பிறகு வந்தது. தள்ளுவண்டியில் நாம் அடித்துக்கொண்டு வாங்கும் காளானில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம். அது நம் பாட்டன் காலத்தில் ஏது? டீயே வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு.

கடல் தாண்டிப் பாருங்கள். மலேசியாவில் "கோப்பித்தியாம்" என்று காப்பிக் கடைகள் உண்டு. கோப்பி என்பது மலாய்ச் சொல், தியாம் என்பது கடையைக் குறிக்கும் சீனச் சொல். பெயரே ரெண்டு சாதி! சீனாவின் ஹைனான் தீவிலிருந்து பிழைக்கப் போனவர்கள் பலர் நடத்திய கடைகள் அவை. காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். சுட்ட ரொட்டியில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய "காயா" தடவித் தருவார்கள். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றுக்கு நெத்திலியும் வேர்க்கடலையும் காரச் சம்பலும் வைத்தால் "நாசி லெமாக்". இங்கேயிருந்து போன தமிழ் முஸ்லிம்களின் கடைகளுக்கு மாமாக் கடை என்று பெயர். அங்கே கிடைக்கும் "ரொட்டி சானாய்" நம் பரோட்டாவின் தம்பி. "தே தாரிக்" என்றால் இழுத்த டீ. நம் டீ மாஸ்டர் ஒரு முழம் தூக்கி ஆற்றுகிறாரே, அதேதான்!

அந்தப் பண்டங்களும் இப்போது அங்கே குளிர்சாதனக் கடைகளில் புதுக் கோலத்தில் விற்கின்றன. இருந்தாலும், 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பழக்கத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றின் ருசியை மட்டும் பார்க்கவில்லை. பல இனத்து மக்கள் கலந்து உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தைத்தான் பெருமையாகச் சொன்னது. ஒரே மேசை! அங்கும் குறைகள் இருக்கும். ஆனாலும் கடையின் பெருமை என்று அவர்கள் காட்டியது பண்டத்தோடு சேர்ந்த அந்த மேசையை.

நம்மிடம் அந்த மேசை இல்லையா? இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் டீ டைமுக்குப் போய்ப் பாருங்கள். கட்டிங் மாஸ்டர், டைலர், கைமடி, செக்கிங், அயர்ன் எல்லோரும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். தேனிக்காரரும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் ஒரே பாய்லர் டீயைக் குடிக்கிறார்கள். கடைப் பலகையில் இந்தியும் ஏறிவிட்டது. இங்கே தொழிற்சங்கங்கள் சம்பளம் பேசும்போது டீ பேட்டாவையும் தனியாகப் பேசும். 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரின் உழைப்பாளிச் சாப்பாடு எது? பத்து நிமிஷ இடைவேளையில் என் அம்மா சாப்பிடுவது ஒரு டீயும் ஒரு பன்னும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 100 கிராம் கம்பில் சுமார் 11 கிராம் புரதமும் 6 மில்லிகிராம் இரும்புச்சத்தும் இருக்கின்றன. தீட்டிய அரிசியில் புரதம் 8 கிராம், இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்பு யாருக்கு வேண்டும் சொல்லுங்கள்! காரில் வந்து போட்டோ எடுப்பவருக்கா, செக்கிங் டேபிளில் நிற்கும் அம்மாவுக்கா? 2023-ஐ ஐ.நா. சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அந்த வருஷம் கம்புக்கு மரியாதை கூடியது. கூழ் குடித்தே காலம் தள்ளியவர்களுக்குக் கூழ் எட்டாக்கனி ஆனது.

நம் குண்டடத்துப் பூமி மழை குறைந்த மேட்டுக்காடு. கம்பும் சோளமும் விளைந்த காடுகளில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. அது பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது, விலை கிடைப்பதைத்தானே விதைப்பார்! நாட்டிலேயே அதிகம் கம்பு விளைவது ராஜஸ்தானில். நம் "கிராமத்து மணம்" பல நேரம் லாரி ஏறித்தான் வருகிறது.

சரி, குறை மட்டும் சொன்னால் போதுமா? என் கருத்தை மூன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, புதுமை செய்யுங்கள், ஆனால் விலையை உழைப்பவன் எட்டும்படி வையுங்கள். முடியாத காரியமல்ல. 2013-இல் அம்மா உணவகம் தொடங்கியபோது ஓர் இட்லி ஒரு ரூபாய். அரசாங்கம் மனசு வைத்தது, நடந்தது. கம்பெனி வாசல் டீக்கடையில் பன் விற்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் கம்பு அடையோ, களி வறுவலோ பன் விலைக்குக் கிடைக்கட்டும். அதுதான் உண்மையான மாடர்ன்!

இரண்டாவது, இது நம் வேலை. கம்பை ஈரம் தெளித்து உரலில் இடித்து, புடைத்து, மறுபடி இடித்தால்தான் கூழாகும். அம்மாயியின் உள்ளங்கையில் உலக்கைக் காய்ப்பு இன்னும் இருக்கிறது. பெண்கள் கம்பை விட்டு அரிசிக்கு மாறியதற்கு அந்த உலக்கையும் ஒரு காரணம். இடுப்பு ஒடிய மறுபடி இடியுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு வருஷா வருஷம் பழைய மாடலையே பெயிண்ட் அடித்து வைக்கிறோமே, ஒரு டீக்கடைக்காரர் வாங்கும் விலையில், ஒத்தை பேஸ் கரண்டில் ஓடும் சின்ன கம்பு இடிக்கும் மெஷின் செய்தால் என்ன? மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் சேர்ந்தால் ஆகாதா? நான் பெயர் கொடுக்கத் தயார். இன்னும் மூணு பேர் வேண்டும்.

மூன்றாவது, கடைச் சுவரில் உலக்கையை மாட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த உலக்கையைப் பிடித்த கையையும் நினையுங்கள். சிரட்டையில் டீ கொடுப்பதற்குமுன் ஊரில் வயசான ஒருவரிடம் கேளுங்கள். மண்சட்டி இருக்கிறது, பித்தளை டம்ளர் இருக்கிறது. சிரட்டை வேண்டாம். சில கைகளுக்கு அது இன்னும் சுடும்.

நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன். இங்கே கேன்டீனில் எல்லோரும் ஒரே கிளாஸில் குடிக்கிறோம். சில நாள் ஒரு டீயை ரெண்டாகப் பிரித்துக் குடிக்கிறோம். யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியும். என் அம்மாயிக்கு இது அறுபது வருஷம் தள்ளி வந்த விஷயம்.

போன மாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பும்போது, அவரை ஒரு சாதாரண டீக்கடைக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க அம்மாயி" என்று கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தேன். கண்ணாடிக் கிளாஸில் டீ வந்தது. குடித்து முடித்ததும் பழக்கத்தில் கிளாஸைக் கழுவ எழுந்தார். டீ மாஸ்டர் பார்த்துவிட்டு, "அம்மா, அதை அங்கயே வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

வைத்துவிட்டு வந்தார். பஸ்ஸில் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. குண்டடத்தில் இறங்கும்போது மட்டும், "டீ நல்லா இருந்துச்சு கண்ணு" என்றார்.

நண்பர்களே, புதுக் கடைகள் வரட்டும், புதுப் பண்டங்கள் வரட்டும்! அந்தப் பெஞ்சில் அம்மாயிக்கும் அம்மாவுக்கும் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் நாம் பார்த்துக்கொள்வோம்.



— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு