கொர்ர்ர்... பரணில் கிடந்த வால்வு ஆம்ப்ளிஃபயரில் சத்தம் எங்கிருந்து வருகிறது?

திருச்செங்கோடு பக்கம் மாரியம்மன் நோம்பி சாட்டியதும் ஊருக்குள் முதலில் வருவது மைக் செட்தான். இப்போது ஆளுயரப் பாக்ஸும் கலர் லைட்டுமாக வண்டியில் வந்து இறங்குகிறது. ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்னால் இசைத்தட்டுப் பெட்டி, வேப்ப மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், நடுவில் சூடேறி மினுங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர், அவ்வளவுதான் செட்.

மேல்நாடுகளில் காசு போட்டால் பாடிய ஜூக்பாக்ஸ் பெட்டிக்குள் இருந்ததும் இதே சங்கதிதான். 1949-ல் ஆர்சிஏ விக்டர் கம்பெனி 45 சுற்று இசைத்தட்டைக் கொண்டு வந்தது. மறு வருடமே அந்தத் தட்டைப் போட்டு 100 பாட்டு பாடும் ஜூக்பாக்ஸை சீபர்க் கம்பெனி இறக்கியது. பெட்டி பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பாட்டைப் பெரிதாக்கியது வால்வுதான்.

தாத்தா காலத்து செட்டைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, நேராக பிளக்கில் சொருகுவதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. இருபது, முப்பது வருடம் கரண்டே பார்க்காத கண்டன்சர் 230 வோல்ட்டை ஒரே அடியாகத் தாங்காது. அது ஷார்ட் ஆனால் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும். வால்வு கூடத் தேடினால் கிடைக்கும். அதே அளவு டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது?

மோட்டார் வைண்டிங் கடைகளில் இருக்குமே, சீரிஸ் பல்பு போர்டு, அதுதான் இங்கே காவல்காரன். 60 வாட் குண்டு பல்பு வழியாக செட்டுக்குக் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம். மங்காமல் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். உடனே நிறுத்திவிடுங்கள். ஸ்பீக்கரை மாட்டாமல் மட்டும் செட்டை ஓட விடாதீர்கள். வெளியே போக வழியில்லாத மின்சாரம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பதம் பார்க்கும்.

சரி, பல்பு மங்கிவிட்டது, செட் சூடேறிவிட்டது, பாட்டுக்கு முன்னால் 'கொர்ர்ர்' என்று சத்தம் வருகிறது. புது வால்வுக்கு ஆர்டர் போட அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி அது இல்லை. சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, பெட்டியிலிருந்தே வருகிறதா என்று முதலில் காதை வைத்துக் கேளுங்கள். பெட்டி மட்டும் அதிர்ந்தால் டிரான்ஸ்ஃபார்மர் தகடு தளர்ந்திருக்கும். ஸ்குரூவை முடுக்கினாலே பாதி அடங்கும்.

ஸ்பீக்கரில்தான் என்றால் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். சத்தம் குறையாமல் அப்படியே இருந்தால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால், அதாவது கடைசி வால்வு அல்லது பவர் சப்ளை பக்கம். சத்தம் போய்விட்டால் முன்னால், இசைத்தட்டு முள்ளிலிருந்து முதல் வால்வு வரைக்குமான வழியில். இந்த ஒரு நிமிட வேலை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாக்கிவிடும்.

நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 முறை துடிப்பது. மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களில் ரெக்டிஃபயர் அதை 100 துடிப்பாக்கி அனுப்பும். அந்தத் துடிப்பை வழித்துச் சமனாக்குவது பவர் சப்ளையில் உள்ள பெரிய கண்டன்சர். அது காய்ந்து போனால் 100 துடிப்பும் கொரகொரவென்று ஸ்பீக்கருக்கு வந்துவிடும். வயசான செட்டில் இதுதான் அதிகம். அதைவிடத் தாழ்வாக 'ம்ம்ம்' என்று முனகினால் ஃபிலமென்ட் வயர், அறுந்த எர்த், கவசம் கழன்ற பிக்கப் வயர் என்று தேட வேண்டும்.

வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் கன்ட்ரோலுக்குள் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் போதும். தொடாமலே பொரிகிற சத்தம் கேட்டால் பழைய கார்பன் ரெசிஸ்டன்ஸ், விட்டுப்போன ஈயப் பற்று, கறுத்த வால்வு சாக்கெட், இவற்றில் ஒன்று. செட் ஓடும்போதே வால்வு தலையில் பென்சிலின் மரப் பக்கத்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் 'டங்' என்று மணி அடித்தால் அந்த வால்வுக்குள் ஏதோ தளர்ந்திருக்கிறது. அப்போது மட்டும் வால்வைச் சந்தேகப்படலாம். அதே நம்பர் வால்வு இன்னொன்று செட்டில் இருந்தால் ஆஃப் செய்து, ஆறவிட்டு, இடம் மாற்றுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் ஆள் சிக்கிவிட்டார்.

முன்வரிசை வால்வை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. ஆனால் எல்லா செட்டிலும் அது நடக்காது. வால்வின் பெயர் இசிசி 83 மாதிரி 'இ'-யில் தொடங்கினால் கழற்றலாம். யுசிஎல் 82 மாதிரி 'யு'-வில் தொடங்கினால் எல்லா ஃபிலமென்ட்டும் சீரியல் லைட் போலத் தொடராக இருக்கும். ஒன்றைக் கழற்றினால் மொத்த செட்டும் அணைந்துவிடும்.

இந்த 'யு' ரக செட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பலவற்றில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சேசிஸ் தகடு நேரடியாக மெயின் லைனோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் தகட்டிலேயே ஃபேஸ் நிற்கும். இதை வீட்டில் யாரும் திறக்கவே வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டும் சாது இல்லை. உள்ளே 300, 400 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்குரூ டிரைவரால் 'பட்'டென்று ஷார்ட் செய்வது பழைய பழக்கம், கெட்ட பழக்கம். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டன்ஸின் இரு காலிலும் இன்சுலேஷன் வயர் வைத்து, கண்டன்சரின் இரு முனைக்கும் குறுக்கே சில நொடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை உள்ளே போகட்டும். மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் மூடியைத் திறக்காமல் காதால் கேட்டதை எழுதி வைத்து மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

கண்டன்சர் மாற்றியும் சத்தம் போகவில்லையா? திருச்செங்கோட்டில் அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். ஒரே லைனில் தறி மோட்டார் ஆன் ஆகும்போதெல்லாம் 'டப்' என்று கேட்டால் செட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜூக்பாக்ஸிலும் இதே கதை உண்டு. அலங்காரத்துக்கு வைத்த டியூப் லைட்டின் சோக்கே பிக்கப் வயருக்குள் இரைச்சலை ஏற்றிவிடும். தறி நிற்கும் நேரமாகப் பார்த்து, வீட்டு டியூப் லைட்டையும் அணைத்துவிட்டு, ஒரு பாட்டுப் போட்டுப் பாருங்கள்.