அதிர்வுதாங்கி என்னும் பிழைப்பெயர்

மோட்டார் உறுப்பு ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்ததற்காக இலக்கிய அன்பர்கள் நம்மைப் பொறுத்தருள வேண்டும். ஆயினும் ஒரு சொல் பொருளைத் திரித்து, அத்திரிபு மலைப்பாதையில் செல்வோரின் உயிரைத் தொடுமளவுக்குப் போகுமானால், தமிழ் கற்பிப்போர்க்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஷாக் அப்சார்பரைத் தமிழில் அதிர்வுதாங்கி என்று எழுதி வருகிறோம். அது எதையும் தாங்குவதில்லை.

வண்டியின் எடையைத் தாங்குவது வில். பழைய மஹிந்திரா ஜீப்புகளிலும் மாருதி ஜிப்ஸியிலும் அது கமான் பட்டை. 2020இல் வெளிவந்த புதிய தார் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில். கல்லில் ஏறும் சக்கரத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வதும் அவ்வில்லே. வாங்கிய வில் சும்மா இராது, ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்கி, வெப்பமாக்கி, காற்றில் கலந்துவிடுவதே இவ்வுருளையின் தொழில். ஆங்கிலப் பெயரும் இதே குறையுடையதுதான்; பிரித்தானியப் பொறியாளர்கள் வழங்கும் 'டாம்பர்' என்பதே செயலுக்குப் பொருந்திய சொல். நாம் அதிர்வடக்கி என்போம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு நாள் உதிரிபாகக் கடையில் நின்று கேட்டுப் பார்க்கலாம். "பின்பக்கம் தொங்குகிறது, நல்ல தடித்த ஷாக்காகக் கொடுங்கள்" என்பார் வாடிக்கையாளர். கடைக்காரரும் கொடுத்துவிடுவார். தொங்குவது தளர்ந்த கமான் பட்டையின் குற்றம். வாயு நிரப்பிய அதிர்வடக்கி வண்டியைச் சிறிது மேலே உந்தும் என்பது உண்மையே. ஆனால் ஆறு பேரின் எடைக்கு முன் அவ்வுந்துதல் ஒரு பொருட்டன்று. தாங்கி என்று அழைக்கப்பட்ட பொருளிடம் தாங்கச் சொல்லி எதிர்பார்ப்பது வாங்குபவரின் பிழை மட்டும்தானா?

இதனினும் கேடானது, கடினமே வலிமை என்னும் எண்ணம். திருகி மாற்றத்தக்க அதிர்வடக்கிகளை வாங்கியவர் பலரும் அதை உச்சக் கடினத்தில் வைத்துவிட்டு மனநிறைவு கொள்கிறார்கள். அமுங்கிய சக்கரம் மீண்டும் தரையை நோக்கி இறங்குவதைத் தடுக்கும் விசை அளவுக்கு மிஞ்சினால், ஒரு மேட்டைக் கடந்த சக்கரம் கீழே வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அலையலையான மண்சாலையில் வண்டி சிறுகச் சிறுகத் தாழ்ந்து, கடைசியில் வில்லே இல்லாத கட்டைவண்டியாகிவிடும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லை, திசையும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அளவுக்கு மீறிய மென்மையும் ஆகாதுதான். ஆனால் அது ஆட்டம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கடினமோ உறுதியென்று பெயர் பெற்று ஒளிந்துகொள்ளும்.

ஆகவே எது சிறந்தது என்று கேட்பதை விடுத்து, எந்தப் பாதைக்கு, எவ்வளவு எடைக்கு என்று கேட்க வேண்டும். தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்புகள் ஏறுகின்றன. ஏறத்தாழ 12 கிலோமீட்டர், கற்பாதை, நடைவேகத்தைவிடச் சற்றே மிகுதி. இத்தகைய பாதைக்கு, தனிக் கலத்தில் எண்ணெயும் வாயுவும் சேர்த்துவைக்கும் விலையுயர்ந்த அதிர்வடக்கி எதற்கு? மெக்சிகோவில் 1967 முதல் நடந்துவரும் பாஹா போன்ற பாலைவனப் பந்தயங்களில் மணிக்கணக்காக விரையும் வண்டிகளின் எண்ணெய் கொதித்துப்போகாதிருக்கவே அக்கலம் பயன்படுகிறது. நம் மலை ஜீப்பில் அது பெரும்பாலும் அணிகலன்.

ஒற்றைக்குழாயா இரட்டைக்குழாயா என்னும் வழக்கையும் இந்த வெளிச்சத்திலேயே தீர்க்கலாம். ஒற்றைக்குழாய் விரைவில் குளிரும்; எண்ணெயும் நைட்ரஜனும் மிதக்கும் தட்டொன்றால் பிரிக்கப்பட்டிருப்பதால் நுரைக்காது. ஆனால் அதன் சுவரில் ஒரு கல் பட்டு நெளிந்தால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக்குழாயின் வெளிச்சுவர் சிறிது நெளிந்தாலும் வேலை நடக்கும். கல் நிறைந்த, வேகம் குறைந்த பாதைக்கு எளிய இரட்டைக்குழாயே போதும் என்பது நம் துணிபு; நெடுஞ்சாலையில் வேகமாக ஓடி, பின் காட்டுப்பாதையில் இறங்குவோர் மாறாக முடிவெடுக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு வகைகளில், வண்டியில் நிலையாகக் கிடக்கும் எடையைக் கேட்டே வில்லைத் தெரிவு செய்கிறார்கள். அதிர்வடக்கி அந்த வில்லுக்குத் துணையாக வருகிறது. வரிசை இதுதான்: முதலில் எடை, அடுத்து வில், அதன்பின் அதிர்வடக்கி. நம் ஊரில் வண்ணம் முதலிலும் எடை கடைசியிலும் வருகின்றன.

நீளத்தை மட்டும் எவர் சொல்லுக்கும் விடாமல் அளந்தே வாங்க வேண்டும். ஜாக்கி கொண்டு ஒரு பக்கச் சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டும், பின் முழுதும் மேலே அமுங்கச் செய்தும், இரு நிலைகளிலும் மேல்-கீழ் பிடிமானங்களுக்கு இடையிலான தொலைவைக் குறித்துக்கொள்க. முழுதும் அமுங்கும்போது அச்சு ரப்பர் தடுப்பில் மோதி நிற்க வேண்டும். அதற்கு முன்பே உருளை மூடிக்கொண்டால் உள்ளே இருப்பது நொறுங்கும் அல்லது பிடிமானம் பெயரும். வண்டியை உயர்த்தும் ஆசையில் மிக நீண்ட உருளையைப் பூட்டினால், சக்கரம் தொங்கும்போது பிரேக் எண்ணெய்க் குழாய் இழுபட்டு அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. உயர்த்துவதற்குச் சட்டத் தடையும் வரலாம்: பதிவுச் சான்றில் கண்ட தயாரிப்பாளர் விவரங்களுக்கு முரணான மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை, 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது.

பழையதைக் கழற்றும் அன்றே இருமுனை ரப்பர் புஷ்களையும் புதிதாக்கிவிடுதல் நலம். ஓர் அச்சின் இருபுறமும் ஒருசேர மாற்ற வேண்டும். ஒன்றுதானே ஒழுகுகிறது என்று மற்றதை விட்டுவைக்கும் சிக்கனம் வண்டியை ஒரு பக்கமாக ஆடவைக்கும்.